பிட்மேப் படத்தை அளவு மாற்றி அச்சிடுதல்: சி ஷார்ப்பில் பிக்சலிலிருந்து தாள் வரை

திரையில் கச்சிதமாகத் தெரியும் படம், அச்சிட்டால் தாளின் ஒரு மூலையில் தபால்தலை அளவுக்குச் சுருங்கிக் கிடக்கும். இல்லையென்றால் தாளை மீறி ஓடி, கால்வாசிப் படம் மட்டும் விழும். இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே காரணம்தான். பிக்சல் எண்ணிக்கையையும் தாளில் வர வேண்டிய நீள அகலத்தையும் நிரலில் ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருப்போம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அச்சிடுவதற்காக பிட்மேப்பின், அதாவது பிக்சல்களாக நினைவகத்தில் இருக்கும் படத்தின், அளவை மாற்ற வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. தாளில் படம் எந்தச் செவ்வகத்துக்குள் விழ வேண்டும் என்று கணக்கிட்டுக் கொடுத்தால் போதும். நீட்டுவதையும் சுருக்குவதையும் வரையும் நூலகமே பார்த்துக்கொள்ளும். பிக்சல்களையே மாற்றுவது வேறு காரணங்களுக்காக: கோப்பு சிறிதாக வேண்டும், முன்னோட்டப் படம் வேண்டும், பிரிண்டருக்குப் போகும் தரவு குறைய வேண்டும். இந்த இரண்டு வேலைகளையும் தனித்தனியாக வைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

இங்கே எடுத்துக்கொள்வது விண்டோஸில் டாட்நெட் தரும் சிஸ்டம் டிராயிங் நூலகம். கணக்குகளைச் சாதாரணத் தமிழில் எழுதியிருக்கிறேன். மொழி எதுவானாலும் அவை மாறாது.

படி 1: மூன்று எண்களைப் பிரித்துப் பாருங்கள்

ஒரு படத்துக்குப் பிக்சல் அகலம், பிக்சல் உயரம் என்று இரண்டு எண்கள் உண்டு. இவை உண்மையானவை; நினைவகத்தில் இருப்பது இவைதான். மூன்றாவது எண் ரெசல்யூஷன், அதாவது ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்பது. இது கோப்பின் தலைப்பகுதியில் ஒட்டப்பட்ட வெறும் சீட்டு. பிஎம்பி கோப்பில் இதை அங்குலத்துக்கு அல்ல, மீட்டருக்கு எத்தனை பிக்சல் என்று எழுதுவார்கள். 2835 என்று இருந்தால் அது 72. 11811 என்று இருந்தால் 300. கோப்பில் இந்த எண் இல்லாவிட்டால் டாட்நெட் திரையின் ரெசல்யூஷனை, பொதுவாக 96ஐ, எடுத்துக்கொள்ளும்.

இந்தச் சீட்டை மாற்றுவதால் ஒரு பிக்சல்கூடக் கூடாது, குறையாது. ஆனால் அச்சிடும்போது விளைவு பெரிது. 4000 பிக்சல் அகலப் படத்தில் 72 என்று எழுதியிருந்தால், அதன் இயல்பான அகலம் 55 அங்குலத்துக்கும் மேல். அதே படத்தில் 300 என்று எழுதியிருந்தால் 13.3 அங்குலம். படத்தை வரையும் டிராஇமேஜ் மெத்தடுக்குப் படத்தையும் தொடக்கப் புள்ளியையும் மட்டும் கொடுத்தால், அது இந்தச் சீட்டைப் பார்த்துத்தான் அளவை முடிவு செய்கிறது. ஆகவே புள்ளியை மட்டும் கேட்கும் அந்த வடிவத்தை அச்சுக்குப் பயன்படுத்தவே வேண்டாம். எப்போதும் இலக்குச் செவ்வகத்தை முழுதாகக் கொடுங்கள்.

படி 2: படத்தைத் திறப்பது

இமேஜ் கிளாஸின் ஃப்ரம்ஃபைல் வழியாகத் திறந்தால், அந்தப் படத்தை டிஸ்போஸ் செய்யும், அதாவது நினைவகத்திலிருந்து விடுவிக்கும், வரை கோப்பு பூட்டப்பட்டே இருக்கும். அளவு மாற்றி அதே பெயரில் சேமிக்கப் போனால், சிஸ்டம் டிராயிங்குக்கு அடியில் வேலை செய்யும் ஜிடிஐ பிளஸ்ஸில் பொதுவான பிழை என்று எதையும் விளக்காத ஒரு செய்தி வரும். கோப்பைத் திறந்து, அதிலிருந்து புதிய பிட்மேப் ஒன்றுக்கு நகல் எடுத்துக்கொண்டு, மூலத்தை உடனே மூடிவிடுவது நல்ல பழக்கம். ஸ்ட்ரீமிலிருந்து திறந்தால், படம் உயிரோடு இருக்கும் வரை ஸ்ட்ரீமும் திறந்திருக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

நினைவகக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். 4000க்கு 3000 பிக்சல் புகைப்படம் வட்டில் சில எம்பி ஜேபெக்காக இருக்கலாம். திறந்தவுடன் பிக்சலுக்கு 4 பைட் வீதம் 4 கோடியே 80 லட்சம் பைட். ஐம்பது படங்களை லூப்பில் திறந்து ஒன்றையும் மூடாமல் விட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. வேலை முடிந்ததும் படத்தைத் தானாக மூடிவிடும் யூசிங் தொகுதிக்குள் வைத்தே எழுதுங்கள்.

கைபேசிப் படங்களில் இன்னொரு பொறி உண்டு. கருவியைச் செங்குத்தாகப் பிடித்து எடுத்த படத்தைப் பல கருவிகள் பிக்சல்களைத் திருப்பாமல், ‘திருப்பிக் காட்டு’ என்ற குறிப்பை மட்டும் எக்ஸிஃப் எனப்படும், கோப்போடு சேர்ந்த தகவலில் எழுதிவைக்கும். சிஸ்டம் டிராயிங் அந்தக் குறிப்பைத் தானாக மதிக்காது. மூலத்தை மூடுவதற்கு முன், அதில் 274 என்ற எண்ணுள்ள ப்ராப்பர்ட்டியைப் படியுங்கள். மதிப்பு 3 என்றால் 180 பாகை, 6 என்றால் வலப்புறமாக 90 பாகை, 8 என்றால் 270 பாகை ரொட்டேட்ஃபிளிப் மெத்தடால் திருப்புங்கள். திருப்பிய பின் அந்தக் குறிப்பை நீக்கிவிடுங்கள். நீக்காமல் சேமித்தால் குறிப்பை மதிக்கும் வேறொரு நிரல் இரண்டாம் முறையும் திருப்பும். அகலமும் உயரமும் இடம் மாறுவதால், விகிதக் கணக்குக்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.

படி 3: விகிதம் கெடாமல் பெட்டிக்குள் பொருத்துவது

முழு வழிகாட்டியிலும் திரும்பத் திரும்பப் பயன்படும் கணக்கு இதுதான்:

விகிதம் = பெட்டி அகலம் ÷ பட அகலம், பெட்டி உயரம் ÷ பட உயரம், இவற்றில் சிறியது
புதிய அகலம் = பட அகலம் × விகிதம்
புதிய உயரம் = பட உயரம் × விகிதம்
இடப்பக்க நகர்வு = (பெட்டி அகலம் − புதிய அகலம்) ÷ 2
மேல்பக்க நகர்வு = (பெட்டி உயரம் − புதிய உயரம்) ÷ 2

சிறியதற்குப் பதில் பெரியதை எடுத்தால் படம் பெட்டியை முழுதாக நிரப்பும், மிஞ்சிய விளிம்பு வெட்டுப்படும். இரண்டில் எது வேண்டும் என்பதைப் பயனரே தேர்ந்தெடுக்கட்டும்.

சி ஷார்ப்பில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் விடையும் முழு எண்தான். 627ஐ 4000ஆல் வகுத்தால் 0 வரும். படம் காணாமல் போகும். வகுப்பதற்கு முன் ஒரு பக்கத்தையாவது டபுளாக, அதாவது பின்ன எண்ணாக, மாற்றுங்கள். பிக்சலுக்கு வரும்போது கடைசியில் ஒரே ஒருமுறை முழுமையாக்குங்கள், குறைந்தபட்சம் 1 இருக்கும்படி பாருங்கள். மிக நீளமான, ஒல்லியான படங்களில் உயரம் 0 ஆகி நிரல் விழுவது இந்த இடத்தில்தான்.

படி 4: பிக்சல்களையே மாற்ற வேண்டியபோது

புதிய அளவில் வெற்று பிட்மேப் ஒன்றை உருவாக்குங்கள். அதிலிருந்து கிராஃபிக்ஸ் பொருளைப் பெறுங்கள். பழைய படத்தை அதன் மேல் டிராஇமேஜால் வரையுங்கள். வேலை அவ்வளவுதான், தரம் முழுதும் அமைப்புகளில் இருக்கிறது.

புதிய பிக்சலின் நிறத்தை எப்படிக் கணக்கிடுவது என்று சொல்லும் இன்டர்போலேஷன்மோட் என்பதில் சில தேர்வுகள் உண்டு. நியரஸ்ட்நெய்பர் மிக அருகிலுள்ள ஒரு பிக்சலை அப்படியே எடுக்கும். பைலீனியர் சுற்றியுள்ள 4 பிக்சல்களைக் கலக்கும். பைக்யூபிக் 16ஐக் கலக்கும். சாதாரண பைலீனியரைக் கொண்டு பாதிக்கும் கீழே சுருக்குவதும், சாதாரண பைக்யூபிக்கைக் கொண்டு கால்வாசிக்கும் கீழே சுருக்குவதும் பொருத்தமில்லை என்று மைக்ரோசாஃப்ட் ஆவணமே சொல்கிறது. காரணம் எளிது. பத்தில் ஒரு பங்காகச் சுருக்கும்போது புதிய பிக்சல் ஒவ்வொன்றும் பழைய 100 பிக்சல்களுக்குப் பிரதிநிதி. அவற்றில் 4ஐ மட்டும் கலந்து மீதி 96ஐப் பார்க்காமலே விட்டால், மெல்லிய கோடுகள் அறுந்து போகும், துணியின் நெசவு போன்ற நுண்ணிய வடிவங்களில் இல்லாத அலைகள் தோன்றும். ஹைகுவாலிட்டிபைக்யூபிக் சுருக்குவதற்கு முன் படத்தைச் சற்று மென்மையாக்கிக்கொள்கிறது. புகைப்படம் என்றால் யோசிக்காமல் அதையே வையுங்கள்.

அதோடு, பிக்சலின் நடுவை எங்கே வைப்பது என்று சொல்லும் பிக்சல்ஆஃப்செட்மோட் என்பதை ஹைகுவாலிட்டி ஆக்குங்கள். அடுத்து, பலரும் தவறவிடுவது. விளிம்பில் உள்ள பிக்சலைக் கணக்கிடும்போது, படத்துக்கு வெளியே ஏதோ ஒளிபுகும் வெற்றிடம் இருப்பதாக நூலகம் எண்ணி அதையும் சேர்த்துக் கலக்கும். விளைவு, சுருக்கிய படத்தைச் சுற்றி மங்கலான ஒரு கோடு. இமேஜ்ஆட்ரிபியூட்ஸ் பொருள் ஒன்றை உருவாக்கி, செட்ராப்மோட் மெத்தடுக்கு டைல்ஃபிளிப்எக்ஸ்ஒய் என்ற மதிப்பைக் கொடுத்து, அதை டிராஇமேஜுக்கு அனுப்புங்கள். விளிம்புக்கு வெளியே படத்தின் கண்ணாடிப் பிம்பம் இருப்பதாக நூலகம் எடுத்துக்கொள்ளும், கோடு மறைந்துவிடும்.

நியரஸ்ட்நெய்பரை ஒதுக்கிவிட வேண்டாம். கியூஆர் குறி, பார்கோடு, பழைய விளையாட்டுகளின் பிக்சல் ஓவியம் ஆகியவற்றுக்கு அதுதான் சரி. அதுவும் 2 மடங்கு, 3 மடங்கு என்று முழு எண் மடங்கில் மட்டும். இரண்டரை மடங்கு பெரிதாக்கினால் சில கட்டங்கள் 2 பிக்சலாகவும் சில 3 பிக்சலாகவும் வரும், ஸ்கேனர் திணறும். இந்த முறையில் பிக்சல்ஆஃப்செட்மோட் ஹாஃப் என்று இருக்கட்டும். இல்லாவிட்டால் மேல், இடது விளிம்புகளில் அரைப் பிக்சல் வெட்டுப்படும்.

இன்னும் மூன்று தடங்கல்கள். ஜிஃப் போன்ற வண்ணப் பட்டியல் கொண்ட படங்களிலிருந்து கிராஃபிக்ஸ் பொருளைப் பெற முடியாது, எக்செப்ஷன் வரும். ஆகவே இலக்குப் படத்தை எப்போதும் 24 அல்லது 32 பிட் வடிவில் உருவாக்குங்கள். ஒளிபுகும் பின்புலம் உள்ள பிஎன்ஜியை ஜேபெக்காகச் சேமித்தால் பின்புலம் கறுப்பாகும். வரைவதற்கு முன் இலக்கை வெள்ளையால் நிரப்பிவிடுங்கள். ஜேபெக்கின் தரத்தை என்கோடர் குவாலிட்டி அமைப்பில் 0 முதல் 100 வரை நீங்களே சொல்லுங்கள். எழுத்தும் கோடுகளும் நிறைந்த படத்துக்கு ஜேபெக்கே வேண்டாம், பிஎன்ஜி போதும்.

படி 5: உள்ளே நடப்பதை நீங்களே எழுதிப் பார்க்க

நூலகம் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். ஒருமுறையாவது எழுதியவருக்கு மேலே சொன்ன அமைப்புகள் மந்திரமாகத் தெரியாது. அவசரமானவர்கள் அடுத்த படிக்குத் தாவலாம்.

கெட்பிக்சல், செட்பிக்சல் இரண்டும் பெரிய படங்களில் தாங்க முடியாத அளவுக்கு மெதுவானவை. லாக்பிட்ஸ் மெத்தடால் நினைவகப் பகுதியை நேரடியாகப் பெறுங்கள். இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, வண்ண வரிசை நீலம், பச்சை, சிவப்பு. நாம் நினைப்பதற்குத் தலைகீழ். இரண்டு, ஒவ்வொரு வரியும் 4 பைட்டின் மடங்காக நிரப்பப்பட்டிருக்கும். 24 பிட் படத்தில் 101 பிக்சல் அகலம் என்றால் 303 பைட் தேவை, ஆனால் வரியின் உண்மையான நீளம் 304. இந்த நீளத்தைத்தான் ஸ்ட்ரைட் என்கிறார்கள். அதைப் பயன்படுத்தாமல் அகலத்தை 3ஆல் பெருக்கி அடுத்த வரிக்குத் தாவினால், படம் சாய்வாக இழுபட்டு வரும். சாய்ந்த படத்தைப் பார்த்தால் வேறெங்கும் தேடாதீர்கள், ஸ்ட்ரைட்தான்.

புதிய படத்தின் ஒரு பிக்சல், பழைய படத்தில் எங்கே விழுகிறது?

பழைய இடம் = (புதிய இடம் + 0.5) × (பழைய அகலம் ÷ புதிய அகலம்) − 0.5

அந்த 0.5 எதற்கு? பிக்சல் என்பது புள்ளி அல்ல, சிறு சதுரம். அதன் நடுவைத்தான் ஒப்பிட வேண்டும். 4 பிக்சலை 2 ஆக்குவதாக வைத்துக்கொள்வோம். 0.5 இல்லாமல் கணக்கிட்டால் 0, 2 ஆகிய இடங்கள் கிடைக்கும். படம் முழுதும் அரைப் பிக்சல் நகர்ந்துவிடும். சேர்த்துக் கணக்கிட்டால் 0.5, 2.5 கிடைக்கும்; முதல் இரண்டுக்கும் நடுவே ஒன்று, கடைசி இரண்டுக்கும் நடுவே ஒன்று.

பெரிதாக்கும்போது அந்த இடத்தைச் சுற்றியுள்ள 4 பிக்சல்களைத் தூரத்துக்கேற்ற எடையில் கலந்தால் அது பைலீனியர். சுருக்கும்போது புதிய சதுரம் மூடும் பழைய பரப்பு முழுவதன் சராசரியை எடுங்கள். ஓரத்தில் பாதி மூடப்பட்ட பிக்சலுக்குப் பாதி எடை. எழுத எளிது, விளைவும் நன்றாக இருக்கும்.

சராசரியில் ஒரு நுட்பம். பிக்சலில் உள்ள எண் ஒளியின் அளவுக்கு நேர்விகிதத்தில் இல்லை. கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும் மெல்லிய கோடுகளைச் சுருக்கினால், எண்களின் சராசரி 127 அல்லது 128. ஆனால் பாதி ஒளிக்குரிய சரியான எண் 188. அதனால்தான் நுண்ணிய வெளிச்சப் புள்ளிகள் உள்ள இரவுக் காட்சிகள் சுருக்கும்போது இருண்டு போகின்றன. எண்ணை 255ஆல் வகுத்து ஏறக்குறைய 2.2 அடுக்குக்கு உயர்த்தி, சராசரி எடுத்து, மீண்டும் பழைய அளவுக்குத் திருப்பினால் சரியாகும். 256 மதிப்புகளுக்கு முன்கூட்டியே அட்டவணை போட்டு வைத்துக்கொண்டால் வேகமும் குறையாது. சாதாரணப் புகைப்படத்தில் இந்த வேறுபாடு அவ்வளவாகத் தெரியாது.

படி 6: அச்சிடுவது

பிரிண்ட்டாகுமென்ட் பொருளை உருவாக்கி, ஒவ்வொரு பக்கத்துக்கும் அழைக்கப்படும் அதன் பிரிண்ட்பேஜ் ஈவென்ட்டில் ஒரு பக்கத்தை வரைய வேண்டும். அங்கே கிடைக்கும் கிராஃபிக்ஸ் பொருளின் அலகு பிக்சல் அல்ல. அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு. இதை அறியாமல் 4000ஐ அகலமாகக் கொடுத்தால் நீங்கள் கேட்டது 40 அங்குலம்.

ஏ4 தாள் 210க்கு 297 மில்லிமீட்டர். இந்த அலகில் ஏறத்தாழ 827க்கு 1169. மார்ஜின் இயல்பாக எல்லாப் பக்கமும் 100, அதாவது 1 அங்குலம். ஆகவே மார்ஜினுக்கு உள்ளே இருக்கும் பகுதியைக் குறிக்கும் மார்ஜின்பவுண்ட்ஸ் செவ்வகத்தின் அளவு 627க்கு 969. இதைப் பெட்டியாக வைத்து, படி 3இன் கணக்கைப் போடுங்கள். 4000க்கு 3000 படம் 627க்கு 470 ஆகும். தாளைக் குறுக்காகத் திருப்பினால், அதாவது லேண்ட்ஸ்கேப் அமைப்பை இயக்கினால், பெட்டி 969க்கு 627. படம் 836க்கு 627. பரப்பில் ஒன்றே முக்கால் மடங்குக்கும் சற்று அதிகம். ஆகவே படத்தின் அகலம் உயரத்தைவிட அதிகமா என்று பார்த்துத் தாளின் திசையை நிரலே தேர்ந்தெடுக்கட்டும். ஈவென்ட்டுக்குள் நுழைந்த பிறகு மாற்றினால் அந்தப் பக்கத்துக்குப் பயனில்லை. அச்சைத் தொடங்கும் முன்பே அமையுங்கள்.

இப்போது எங்கே வரைவது என்ற கேள்வி. பெரும்பாலான பிரிண்டர்களால் தாளின் ஓரம் வரை மை வைக்க முடியாது. டாட்நெட்டில் இயல்பாக, வரைபரப்பின் தொடக்கப் புள்ளி தாளின் மூலை அல்ல, பிரிண்டரால் அச்சிட முடிந்த பகுதியின் மூலை. மார்ஜின்பவுண்ட்ஸோ தாளின் மூலையிலிருந்து அளக்கிறது. அந்தச் செவ்வகத்திலேயே வரைந்தால், முன்னோட்டத்தில் சரியாகத் தெரிந்த படம் தாளில் சில மில்லிமீட்டர் வலமும் கீழும் தள்ளி விழும். பிரிண்ட்டாகுமென்ட்டின் ஆரிஜின்அட்மார்ஜின்ஸ் என்பதை ட்ரூ ஆக்கிவிட்டு, 0, 0 புள்ளியிலிருந்து வரையுங்கள். மார்ஜின்பவுண்ட்ஸிலிருந்து அகலத்தையும் உயரத்தையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முன்னோட்டமும் தாளும் ஒத்துப்போகும். இந்த கிராஃபிக்ஸ் பொருளை மட்டும் நீங்கள் டிஸ்போஸ் செய்யக் கூடாது, அது உங்களுடையதல்ல.

மில்லிமீட்டரில் துல்லியமாக வேண்டுமானால், 35 மில்லிமீட்டர் அகல அடையாளப் படம் என்றால், 35ஐ 25.4ஆல் வகுத்து 100ஆல் பெருக்குங்கள்: 137.8. முழு எண் செவ்வகத்துக்குப் பதில் பின்ன எண்களை ஏற்கும் ரெக்டாங்கிள்எஃப் பயன்படுத்துங்கள்.

படி 7: பிக்சல் போதுமா, மிஞ்சுகிறதா

உண்மையான அடர்த்தி = பட அகலம் பிக்சலில் ÷ தாளில் அகலம் அங்குலத்தில்

கையில் வைத்துப் பார்க்கும் புகைப்படத்துக்கு 300 இருந்தால் நிறைவு, 150 வரை பொறுத்துக்கொள்ளலாம். சுவரில் தள்ளி நின்று பார்க்கும் படத்துக்கு அதைவிடக் குறைந்தாலும் கண் கண்டுபிடிக்காது. பிரிண்டர் பெட்டியில் 1200 என்று போட்டிருப்பதைப் பார்த்து 1200 தேட வேண்டாம். அது மைப்புள்ளிகளின் எண்ணிக்கை; ஒரு பிக்சலின் நிறத்தைக் காட்டவே பல மைப்புள்ளிகள் சேர வேண்டும்.

நம் எடுத்துக்காட்டில் 4000 பிக்சல் 6.27 அங்குலத்தில் விழுகிறது: 638. தேவைக்கு இரண்டு மடங்குக்கும் மேல். ஒரு படம் என்றால் அப்படியே அனுப்பிவிடுங்கள். நூறு பக்கம் என்றால்தான் படி 4 முறையில் 1881க்கு 1411 ஆகச் சுருக்கி அனுப்புவதில் பொருள் உண்டு. பிரிண்டர் வரிசையில் தேங்கும் தரவு நான்கில் ஒரு பங்குக்கும் கீழே வரும். மறுபக்கம், 200 பிக்சல் லோகோவை 2 அங்குலத்தில் அச்சிட்டால் அடர்த்தி 100. அதை முன்கூட்டியே 600 பிக்சலாகப் பெரிதாக்கினாலும் புதிய விவரம் எதுவும் வராது. மங்கலைப் பெரிய கோப்பில் சேமிப்பீர்கள், அவ்வளவே. பயனருக்கு ஓர் எச்சரிக்கை காட்டுங்கள்.

படி 8: பல தாள்களில் ஒரு பெரிய படம்

டிராஇமேஜில் மூலச் செவ்வகம், இலக்குச் செவ்வகம் இரண்டையும் ஏற்கும் வடிவம் உண்டு. மூலச் செவ்வகத்தைப் பிக்சலில் கொடுத்து, படத்தின் ஒரு துண்டை மட்டும் ஒரு தாளில் வரையலாம். துண்டுகள் மீதமிருக்கும் வரை ஹேஸ்மோர்பேஜஸ் என்பதை ட்ரூ ஆக்குங்கள். ஈவென்ட் மறுபடி அழைக்கப்படும். ஒட்டுவதற்காக அடுத்தடுத்த துண்டுகள் சில மில்லிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்று வரட்டும்.

எந்தத் துண்டு என்று எண்ணும் மாறியைப் பிகின்பிரிண்ட் ஈவென்ட்டில் பூஜ்யமாக்குங்கள், கன்ஸ்ட்ரக்டரில் அல்ல. முன்னோட்டம் பார்ப்பதும் ஒரு முழு அச்சு ஓட்டமே. அது முடிந்தபோது மாறி கடைசித் துண்டில் நிற்கும்; பயனர் அங்கிருந்தே அச்சு பொத்தானை அழுத்தினால் கணக்கு அங்கிருந்து தொடரும், தவறான பக்கங்கள் வரும்.

வேறு மொழிகளில்

சிஸ்டம் டிராயிங் டாட்நெட் 6 முதல் விண்டோஸுக்கு மட்டுமே. லினக்ஸில் இமேஜ்ஷார்ப், ஸ்கியாஷார்ப் போன்றவை அளவு மாற்ற உதவும். அங்கே அச்சுக்கு எளிய வழி, படத்தைப் பிடிஎஃப் பக்கத்தில் வைத்துக் கப்ஸ் அச்சு அமைப்பிடம் கொடுப்பது. பிடிஎஃப்பின் அலகு அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு. ஏ4 ஏறத்தாழ 595க்கு 842. ஜாவாவின் பிரிண்டர்ஜாபும் இதே அலகைத்தான் கொள்கிறது. அதில் ஒரே பக்கத்துக்கான மெத்தட் பலமுறை அழைக்கப்படலாம் என்பதால் அதற்குள் எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள். பைத்தானில் பில்லோ நூலகத்தின் தம்ப்நெயில் விகிதம் காத்துச் சுருக்கும், ஆனால் பெரிதாக்காது. ரீசைஸ் நீங்கள் கொடுத்த அளவுக்கு விகிதம் பாராமல் இழுக்கும்.

எந்த மொழியானாலும், எழுதி முடித்ததும் 100 மில்லிமீட்டர் சதுரம் ஒன்றை வரைந்து அச்சிட்டு, அளவுகோலால் இரு பக்கமும் அளந்து பாருங்கள். இரு பக்கமும் ஒரே அளவு சுருங்கி 97 என்று வந்தால், நிரலைத் தொடும் முன் பிரிண்டர் டிரைவரில் தாளுக்குப் பொருத்து என்ற அமைப்பை அணைத்துவிட்டு மறுபடி அச்சிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் தவறினால் முதலில் உங்கள் அகல உயரக் கணக்கைச் சரிபாருங்கள்.